ரைஃபிள் பேரல் எத்தனை அங்குலம் வேண்டும்? சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள், ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள், துப்பாக்கிக் கடைக்குப் போய்க் குழம்பித் திரும்பியவர்கள் என எல்லோரும் என்னிடம் சுற்றிச் சுற்றிக் கேட்பது பேரல் நீளத்தைப் பற்றித்தான். அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துப்பாக்கி வாங்கும்போது கடைசியாகப் பார்க்க வேண்டியது நீளம். எதைச் சுடப்போகிறீர்கள், நின்றா படுத்தா, எந்தத் தோட்டா என்பது தெளிவானால் நீளம் பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும்.

பேரல் நீளம்னா எங்கேருந்து எங்க வரைக்கும் அளக்கணுங்க?

போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னால் அடைக்கும் இரும்புப் பாகம்) மூடிய நிலையில், அதன் முகத்திலிருந்து பேரலின் வாய் வரைக்கும். தோட்டா உட்காரும் சேம்பரும் இதில் சேர்த்தி. வெளியே தெரிகிற குழலை மட்டும் டேப் வைத்து அளந்துவிட்டு "கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்று வருகிறவர்கள் உண்டு. வாயில் திருகி மாட்டியிருக்கும், கழற்றக்கூடிய சாமான் எதுவும் கணக்கில் வராது.

வீட்டில் அளப்பதாக இருந்தால், சேம்பர் காலியா என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்த்துவிடுங்கள். பிறகு போல்ட்டை மூடி, கிளீனிங் ராடை வாய்வழியாக மெதுவாக இறக்கி, முட்டி நிற்கும்போது வாயை ஒட்டி ராடில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். வெளியே எடுத்து அளந்தால் அதுதான் நீளம். ராட் வாய் விளிம்பில் உரசக் கூடாது. காரணம் கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

பேரல் நீளமா இருந்தா குறி தப்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமாண்ணா?

நீளம் கொடுப்பது வேகத்தை. தோட்டாவின் வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டைக் கூடுதல் தூரம் தள்ளிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குண்டு விழுவதற்குக் காரணம் பேரலைக் குடைந்த சுத்தம், சேம்பரின் பொருத்தம், வாய் விளிம்பு, தோட்டாவின் தரம். இவை சரியாக இருந்தால் 20 அங்குலப் பேரலும் 26 அங்குலத்துக்குச் சளைக்காது.

அந்த நம்பிக்கை வெறும் கட்டுக்கதையும் இல்லை. டெலஸ்கோப் இல்லாத காலத்தில் பேரல் நீண்டால் குறிபார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே இடைவெளி கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சைட்டுக்கும் நடுவே 50 செ.மீ. இருந்து, முன் சைட் 0.1 மி.மீ. விலகினால், 10 மீட்டரில் 2 மி.மீ. விலகும். இடைவெளி 80 செ.மீ. என்றால் 1.25 மி.மீ. தான். ஏர் ரைஃபிள் குறி அட்டையில் பத்துப் புள்ளி என்பதே 0.5 மி.மீ. பொட்டு. ஆகவே அங்கே இந்த வித்தியாசம் பெரிது. டெலஸ்கோப் மாட்டியாச்சு என்றால் இந்த வாதம் அதோடு முடிந்தது.

ஏற்காட்டுல எஸ்டேட் இருக்குங்க. பன்னி தொல்லை, காட்டெருமையும் வருது. எந்த நீளம் வாங்கினா நல்லது?

எந்த நீளமும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. 1991 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுவது என்ற பேச்சே கிடையாது. முயல், கொக்கு, மயில் எதுவானாலும் இதே கதைதான். "ஏர் கன் தானே" என்பது வாதமாகாது.

காட்டுப்பன்றிக்குத் தமிழ்நாடு அரசு 2025இல் ஒரு நடைமுறை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டும். தோட்டக்காரர் துப்பாக்கியை எடுப்பதற்கு இதில் எங்கும் இடமில்லை. நீங்கள் எழுத வேண்டியது வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு மனு. இந்தப் பக்கத்தின் மீதி முழுக்க அட்டையைச் சுடுவதைப் பற்றியது. வேட்டைக்குச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்காக ஒரே ஒரு கேள்வி நடுவில் வருகிறது.

லைசென்ஸ் இல்லாம என்னதான் வாங்கலாம்?

4.5 மி.மீ. போர் (குழலின் உள்விட்டம்), அதாவது .177 அங்குலம், வாய் ஆற்றல் (குண்டு வாயை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல்) 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைஃபிள். 2016 ஆயுத விதிகளின்படி இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. போர் பெரிதானாலும் ஆற்றல் கூடினாலும் லைசென்ஸ் வேண்டும். பேரல் நீளம் இங்கே மறைமுகமாக உள்ளே வருகிறது, பி.சி.பி. (காற்றை முன்பே சிலிண்டரில் அடைத்து வைக்கும் ஏர் ரைஃபிள்) கேள்வியில் சொல்கிறேன். .22 தோட்டா ரைஃபிளிலிருந்து மேலே எல்லாம் லைசென்ஸ் சமாச்சாரம். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும்.

பையனுக்குப் பன்னெண்டு வயசு. 10 மீட்டர் ஆடணும்னு ஆசைப்படறான். பெரிய பேரல் வாங்கிக் குடுத்தா வளர்ந்த பிறகும் ஆகும்ல?

சட்டை கொஞ்சம் பெரிதாக வாங்குவது போல இதை வாங்க முடியாது. 10 மீட்டர் போட்டிக்கான ஏர் ரைஃபிளைப் பார்த்தால் குழல் நீளமாகத் தெரியும். உள்ளே உண்மையான பேரல் சுமார் 42 செ.மீ. தான். மீதி, முன் சைட்டைத் தள்ளி வைப்பதற்காகப் போட்ட வெற்று உறை. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் ஆடுவதும் இதே பிரிவில்தான். சர்வதேச விதிப்படி, இயங்குபாகத்தின் பின்முனையிலிருந்து வாய் வரை 850 மி.மீ. தாண்டக் கூடாது, மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது.

பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தொல்லை கொடுப்பது முன்பாரம். நின்றபடி சுடும்போது இடது கை முழங்கை இடுப்பில் ஊன்றி நிற்கும். பாரம் முன்னால் போகப் போகப் பையன் முதுகைப் பின்னால் வளைத்து ஈடுகட்டுவான். ஆறு மாதத்தில் அந்த வளைவு பழக்கமாகிவிடும், பிறகு திருத்துவது பெரிய பாடு. உறையைக் கழற்றியோ குட்டையாக்கியோ தோளில் ஊன்றும் கட்டையின் நீளத்தைக் குறைத்தோ வைக்கக்கூடிய ஜூனியர் மாடல்கள் இருக்கின்றன. முதல் வருடம் ரேஞ்சின் துப்பாக்கியிலேயே சுடட்டும். கைநீளம் ஒரு நிலைக்கு வந்த பிறகு வாங்குங்கள்.

பேரலை மடக்கி லோட் பண்ற ஏர் கன்ல குட்டை பேரல் நல்லதா, நீளமா?

ஸ்பிரிங் ஏர் கன்னில் காற்றின் உதை ஒரே ஒரு கணம்தான். .177 பெல்லட் (ஏர் கன் குண்டு) ஏறக்குறைய முதல் பத்து அங்குலத்துக்குள் தன் முழு வேகத்தை எடுத்துவிடும். அதற்கு மேல் இருக்கும் பேரல் பெல்லட்டுக்கு உபயோகமில்லை, உங்கள் கைக்குத்தான் உபயோகம். மடக்கும்போது பேரல்தானே நெம்புகோல்? குட்டையாக இருந்தால் ஸ்பிரிங்கை அழுத்த மூச்சு முட்டும். ஒரு மணி நேரம் சுடுகிறவர் 16 முதல் 18 அங்குலம் இருப்பதைத் தேடுவது அதற்காகத்தான்.

பி.சி.பி.க்கும் அதே கணக்குதானே?

இல்லை, நேர் எதிர். பி.சி.பி.யில் சிலிண்டரில் அடைத்த காற்று பெல்லட்டைப் பேரல் முழுக்கத் தள்ளிக்கொண்டே வரும். நீளம் கூடினால் அதே காற்றுக்கு வேகம் கூடும், அல்லது அதே வேகத்துக்குக் காற்று குறைவாகச் செலவாகும்.

வில்லங்கமும் இங்கேதான். வேகம் கூடினால் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 18 ஜூலில் இருந்த துப்பாக்கிக்கு நீளமான பேரல் மாற்றிப் போட்டால், மேலே சொன்ன 20 ஜூல் எல்லையை அது சத்தமில்லாமல் தாண்டிவிடலாம். அப்போது உங்கள் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். வேகமானியில் சுட்டுப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

50 மீட்டர் .22க்கு 26 அங்குலம் வாங்கவா? சிலர் 20 போதும்கறாங்க.

இரண்டு பேரும் சரிதான், வேறு வேறு காரணத்துக்காக. .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் மருந்து கொஞ்சூண்டு. சுமார் 16 அங்குலத்துக்குள் அது தன் வேலையை முடித்துவிடும். அதற்குப் பிறகு தள்ளுவிசை உராய்வுக்குச் சரியாகிப்போய், இன்னும் நீண்டால் குண்டு கொஞ்சம் வேகம் குறையவும் செய்யும். போட்டித் தோட்டாக்கள் ஒலியின் வேகத்துக்குக் கீழேயே இருக்கும்படி செய்யப்பட்டவை. ஆக 26 அங்குலம் வாங்குகிறவர் வேகத்துக்காக வாங்குவதில்லை. எடைக்காகவும் இரண்டாம் பதிலில் கணக்குப் போட்ட சைட் இடைவெளிக்காகவும் வாங்குகிறார்.

20 என்பவர்களின் வாதம் நேரம். விசை இழுத்த பிறகும் குண்டு பேரலுக்குள் நொடியின் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கை அசைந்தால் வாயும் அசையும். குட்டைப் பேரலில் குண்டு கொஞ்சம் முன்னதாக வெளியேறுகிறது. சைட் இடைவெளி கெடாமலிருக்க முன்னால் ஒரு நீட்டிப்புக் குழாய் மாட்டிக்கொள்கிறார்கள். குண்டு தொடாத வெறும் குழாய் அது. நின்று, மண்டியிட்டு, படுத்து மூன்று நிலையும் ஆடுகிறவருக்கு நான் இந்த அமைப்பைத்தான் சொல்வேன், ஏனென்றால் குழாயை மாற்றிப் பாரத்தைச் சரிசெய்யலாம். படுத்து மட்டும் சுடுகிறவர், பழைய 26 அங்குலம் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். 50 மீட்டர் ரைஃபிளுக்கு எடை உச்சவரம்பு 8 கிலோ.

.30-06ல 24 அங்குலத்துக்கு பதிலா 20 எடுத்தா பாதி பவர் போயிடுமா?

பாதி எல்லாம் போகாது. .30-06 போன்ற பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் பேரலை ஓர் அங்குலம் குறைத்தால் நொடிக்கு 20 முதல் 25 அடி வேகம் குறையும். நாலு அங்குலத்துக்கு 80 முதல் 100 அடி. மொத்த வேகம் 2,800 அடிக்குப் பக்கத்தில் என்கிறபோது இது மூன்று, மூன்றரை சதவீதம். 100 மீட்டருக்கு சைட் வைத்த துப்பாக்கியில், 300 மீட்டரில் குண்டு நாலைந்து செ.மீ. கூடுதலாக இறங்கும். சைட்டில் சில கிளிக் திருப்பினால் சரியாகிவிடும்.

வேறு இரண்டு விலை உண்டு: சத்தம், வாயில் பளிச்சென்று வரும் நெருப்பு. எரிந்து முடியாத மருந்து வெளியே வந்து எரியும். கூரை போட்ட ரேஞ்சில் பக்கத்தில் படுத்திருப்பவர் உங்களைத் திட்டுவார், அதில் நியாயமும் இருக்கிறது. காதுக்கு மஃப் இல்லாமல் எந்த நீளத்தையும் சுடாதீர்கள். மேக்னம் தோட்டாக்களுக்கு மருந்து அதிகம் என்பதால் இழப்பும் அதிகம். அங்கே 24, 26 அங்குலத்துக்குக் கீழே போவதில் அர்த்தமில்லை.

மச்சான் ஆஸ்திரேலியாவுல இருக்கார். அங்க லைசென்ஸோட மான் வேட்டைக்குப் போறார். அவருக்கு என்ன சொல்லட்டும்?

அவர் நடக்கிற நிலத்தைக் கேளுங்கள். புதர்க்காடு, அடர்ந்த சரிவு, 100 மீட்டருக்குள் சுடுவது என்றால் 18 முதல் 20 அங்குலம். கிளையில் மாட்டாது, வண்டியிலிருந்து எடுத்து வைக்கச் சுலபம். திறந்த வெளி, தூரம் என்றால் 22 முதல் 24. மேக்னத்துக்கு முந்தின பதிலைப் பார்க்கவும். வாயில் சத்தம் குறைக்கும் சாதனத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் அதன் நீளத்தையும் சேர்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் என்றால் இன்னொன்று: அங்கே பேரல் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிள் தனிப் பதிவுக்கு உட்பட்டது.

எங்க தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஆள் உயரம் இருக்கு. அப்ப அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சுதானே செஞ்சிருக்காங்க?

தெரிந்துதான் செய்தார்கள். வாய்வழியாகக் கரிமருந்து போட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கி அது. லைசென்ஸ் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். (ஒற்றைக்குழல், வாய்வழி நிரப்புவது) என்று எழுதியிருப்பார்கள். கரிமருந்தின் அழுத்தம் இன்றைய புகையில்லா மருந்தைவிடக் குறைவு. அதனால் வேகம் வேண்டுமானால் நீளம் வேண்டியிருந்தது. அந்த அளவை இன்றைய தோட்டாவுக்கு இழுத்து வருவதில் பொருளில்லை.

லைசென்ஸ் புத்தகம் இல்லாமல் அது பரணில் கிடக்கிறது என்றால், பேரல் நீளத்தைவிட அவசரமான வேலை உங்களுக்கு இருக்கிறது. சேர்வராயன் மலை, கல்வராயன் மலை ஊர்களில் இப்படிப்பட்டதை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை கேட்பது வழக்கம். ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு ஒப்படைத்துவிடுங்கள்.

12 போர் ரெட்டைக்குழல்ல 28ஆ, 30ஆ?

வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) எவ்வளவு விரிகிறது என்பதை முடிவுசெய்வது வாயில் இருக்கும் சோக் என்ற குறுக்கம். அதற்கும் நீளத்துக்கும் சம்பந்தமில்லை. நீளம் மாற்றுவது கை வீச்சை. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிகளில், டிராப்புக்கு 30, 32. ஸ்கீட்டுக்கு 28, 30. இதற்கு மேல் நான் சொல்வதைவிட இரண்டையும் தோளில் வைத்து வீசிப் பார்ப்பது மேல்.

நீளமான பேரல்ல குண்டு நிறைய சுத்து சுத்தி நிலையா போகும்னு ஒருத்தர் சொன்னார்.

பேரலுக்குள் எத்தனை சுற்று சுற்றியது என்பதில் ஒன்றும் இல்லை. வெளியே வரும்போது எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதுதான் நிலைத்தன்மை. அது மரையின் (பேரலுக்குள் சுருளாக வெட்டிய வரிகள்) முறுக்கைப் பொறுத்தது. .22இல் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .30-06இல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பேரலை 20இலிருந்து 26 ஆக்கினாலும் முறுக்கு அதேதான். கனமான, நீண்ட குண்டு போட வேண்டுமென்றால் முறுக்கு நெருக்கமான பேரலைத் தேடுங்கள்.

ஒரே எடைல ரெண்டு பேரல் இருக்கு. ஒண்ணு நீளமா ஒல்லியா, இன்னொண்ணு குட்டையா தடியா. எது?

அட்டைக்கு என்றால் குட்டைத் தடி, சந்தேகமே வேண்டாம். சுடும்போது பேரல் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால்தான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். விறைப்பு, நீளத்தின் மும்மடிக்கு எதிராகவும் விட்டத்தின் நாலாம் மடிக்கு நேராகவும் மாறும். ஒரே விட்டத்தில் 26 அங்குலத்தை 20 ஆக்கினாலே விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல். விட்டமும் கூடினால் சொல்லவே வேண்டாம். தடிப் பேரல் சூடாகவும் நேரமாகும். சித்திரை வெயிலில் சேலத்தில் சுடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சேலத்துல சைட் வெச்சுட்டு ஏற்காட்டுக்குக் கொண்டுபோனா மாறுதே, பேரல் குட்டைங்கறதாலயா?

பேரல் மேல் பழி போடாதீர்கள். இருபது கொண்டைஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போயிருக்கிறீர்கள். காற்று அடர்த்தி குறைவு, குளிர் அதிகம். .22 தோட்டாவின் மருந்து குளிரில் கொஞ்சம் சோம்பும். ஸ்பிரிங் ஏர் கன் அங்கே இருக்கும் மெல்லிய காற்றைத்தான் அழுத்த வேண்டும், அதனால் அதன் வேகமும் கொஞ்சம் இறங்கும். பி.சி.பி. தன் காற்றைச் சிலிண்டரிலேயே கொண்டுபோவதால் இது அதைத் தொடாது. 50 மீட்டரில் இதெல்லாம் சேர்ந்தாலும் சிறிய விலகல்தான். பெரிதாக மாறியிருந்தால் வழியில் சைட் திருகு தளர்ந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

நீளம் ஜாஸ்தியா இருக்கு. தெரிஞ்ச லேத் பட்டறைல குடுத்து ரெண்டு அங்குலம் வெட்டிக்கலாமா?

கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அதற்கென்று லைசென்ஸ் இல்லாமல் பேரலைக் குட்டையாக்குவதைத் தடை செய்கிறது. வெட்டினவருக்கும் வழக்கு, வெட்டச் சொன்னவருக்கும் வழக்கு. துப்பாக்கி சொந்தம், லைசென்ஸும் இருக்கிறது என்பது இங்கே உதவாது.

பழசு ரெண்டு பார்த்தேன். ஒண்ணு 22, ஒண்ணு 24. விலை ஒண்ணுதான். எதை எடுக்க?

இரண்டின் வாயையும் பாருங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து, மரை முடியும் விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். விளிம்பு சுற்றிலும் கூர்மையாக, ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், யாரோ வருடக்கணக்கில் ராடை வாய்வழியாக விட்டு, அதே பக்கம் உரசியிருக்கிறார்கள். வாயு அந்தப் பக்கம் முன்னதாகத் தப்பித்துக் குண்டைச் சாய்த்துத் தள்ளும். இரண்டு அங்குலம் கொடுப்பதைவிட இந்தத் தேய்மானம் எடுத்துக்கொள்வது அதிகம்.

அப்புறம் பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். எஸ்டேட் பங்களாவிலிருந்து வருகிற துப்பாக்கிகளில் நடுவில் துருக்குழி இருப்பது சகஜம். மலைப் பனியில் துணி உறைக்குள்ளேயே வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். துருவுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் இன்னும் மோசம்: 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துபோகும், ஏற்காட்டு இரவில் அந்தக் குளிர் சாதாரணம். துப்பாக்கி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, உறையில்லாமல், பூட்டிய அலமாரியில் நிறுத்தி வைத்த துப்பாக்கி எதுவோ அதை எடுங்கள், அது 22 அங்குலமாக இருந்தாலும் 24 ஆக இருந்தாலும்.